கைக்கு

ஜூன் 3

பேச்சுப் பயிற்சி மையத்தில் பியூலா மேடம் கொடுத்த வீட்டுப்பாடம் இன்று தொடங்குகிறது. தாராவின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும், எப்போது சொன்னாள், எதைப் பார்த்துச் சொன்னாள் என்பதோடு சேர்த்து ஒரு மாதம் எழுதிக்கொண்டு வர வேண்டும். "அர்த்தமில்லாத சத்தமா இருந்தாலும் எழுதுங்க சார். நீங்களே முடிவு பண்ணிக் கழிச்சிராதீங்க" என்றார். எட்டு வருஷமாகப் பால் பண்ணை ஆய்வகத்தில் கொழுப்பும் அடர்த்தியும் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருப்பவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பண்ணையில் கொடுத்த டைரி ஒன்று ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. அதற்கும் ஒரு வேலை வந்தது.

முதலில் விவரம். பெயர் தாரா. வயது இரண்டு வருஷம் ஐந்து மாதம். எடை பன்னிரண்டு கிலோ. காது பரிசோதனை ஆகிவிட்டது. அடுத்த தெருவில் ஐஸ் வண்டி மணி அடித்தால் எங்களுக்கு முன்னால் அவளுக்குக் கேட்கிறது. நடக்கிறாள், ஓடுகிறாள், நான் வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து என் செருப்பில் ஒன்றை ஒளித்து வைக்கிறாள். பேச்சுதான் வரவில்லை. இன்றைய நிலவரப்படி தெளிவான சொற்கள் பதினொன்று: அப்பா, அம்மா, பூ, வா, தா, மம்மு, காக்கா, ஆனை, டாட்டா, இல்ல, பாப்பா.

இந்த வயதில் குழந்தை இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்கிறதா, கேள்வி கேட்கிறதா என்று மேடம் கொடுத்த தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இரண்டிலும் 'இல்லை' என்று போட்டேன். தஸ்னீம் பக்கத்தில் உட்கார்ந்து தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

ஜூன் 4

புதுச் சொல்: "தோசை." பன்னிரண்டு.

கூடவே ஒரு நாய்ச் சத்தம். பால் வேணுமா என்றேன், "ஹவ்" என்றாள். வாழைப்பழம்? "ஹவ்." தெரு நாய்களிடம் கற்றிருக்கிறாள். குரலே இல்லாமல், வெறும் காற்றாகச் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

ஜூன் 6

தாளில் இன்னொரு கேள்வி: வீட்டில் பேசும் மொழிகள். 'தமிழ்' என்று எழுதினேன். அது உண்மைதான்.

தஸ்னீம் வாணியம்பாடிக்காரி, தாய்மொழி உருது. கிருஷ்ணகிரியில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தோம். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். எனக்கு ஈரோட்டுக்கு மாற்றல் வந்தபோது வீடு தேடி நாலு இடம் ஏறி இறங்கினோம். நாலு இடத்திலும் அவள் பெயரைச் சொன்னதும் வீடு ஏற்கெனவே வேறு யாருக்கோ பேசி முடிந்திருந்தது. ஐந்தாவதாக இந்த மாடி. கீழே தெய்வானை அம்மா தனியாக இருக்கிறார். அம்மணி பேரென்ன என்று கேட்டார். வாணி என்று சொல்லிவிட்டேன். வாணியம்பாடியில் பாதியை வெட்டி எடுத்ததுதான், ஒரேயடியாகப் பொய் என்று சொல்ல முடியாது.

எங்கள் முன்னறைக்கு நேர் கீழே அவருடைய கட்டில். இங்கே தும்மினால் அங்கே நூறு வயசு என்பார். அதனால் வீட்டுக்குள்ளும் தமிழே இருக்கட்டும் என்று தஸ்னீமிடம் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அவளும் சரி என்றாள். அவளுக்குத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. அவள் வீட்டாரும் நாலு வருஷமாகப் போனை எடுப்பதில்லை, எனவே அந்த மொழிக்கு இங்கே வேலையும் இல்லை.

ஜூன் 8

விசித்திரம். தாரா தன் முடியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு "பால்" என்றாள். அதே காற்றுக் குரல். என் முடியைத் தொட்டும் "பால்" என்றாள். நாள் முழுக்கப் பாலோடு கிடக்கிறேன், என் தலையில் வாடை அடிக்கிறதோ என்னவோ. சிகைக்காய் போட்டுக் குளித்துவிட்டு வந்து மறுபடி தலையைக் காட்டினேன். "பால்."

ஜூன் 9

உடல் உறுப்புகள் சோதித்தேன். மூக்கைத் தொட்டு இது என்ன என்றேன். "நாக்கு." நாக்கை நீட்டிக் காட்டினேன். பேசாமல் இருந்தாள். மறுபடி மூக்கு. "நாக்கு." மூக்குக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தப்பு என்று குறித்திருக்கிறேன். சமையலறை வாசலில் நின்று தஸ்னீம் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். குழந்தையை நினைத்து அவளுக்கும் கவலை இருக்கத்தான் செய்யும்.

ஜூன் 11

பேச்சுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் எழுத வேண்டும். தாராவைக் குளிப்பாட்டத் தஸ்னீமுக்கு நாற்பது நிமிஷம் ஆகிறது. அவ்வளவு நேரமும் குழாய் திறந்தே கிடக்கிறது. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் தண்ணீர். கேட்டால், புள்ளைக்குத் தண்ணி சத்தம் புடிக்கும் என்கிறாள். மிக்ஸியும் அப்படித்தான். இரண்டு பேருக்கு அரைக்கும் தேங்காய்ச் சட்னி சாந்தாகிற வரைக்கும் ஓடுகிறது. எதையும் அளவோடு செய்கிற பெண், இது ஏன் என்று பிடிபடவில்லை.

ஜூன் 12

இன்று ஒரு நல்ல முன்னேற்றம். காற்றுக் குரலில்தான், ஆனால் "கைக்கு" என்கிறாள்! நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்து, "கைக்கு?" வேற்றுமை உருபோடு ஒரு சொல். இரண்டரை வயதில் நான்காம் வேற்றுமை சொல்கிறவள் ஊமையாகிவிட மாட்டாள். கைக்கு ஏதோ கேட்கிறாள் என்று பேனாவைக் கொடுத்தேன். கீழே வைத்துவிட்டு மறுபடி "கைக்கு?" வளையலைக் கொடுத்தேன், சீப்பைக் கொடுத்தேன், ஒரு பொரி உருண்டை கொடுத்தேன். உருண்டையை மட்டும் வைத்துக்கொண்டாள். ஆனாலும் முகம் தெளியவில்லை. நான் வாசல் தாண்டும் வரைக்கும் பின்னாலேயே வந்து "கைக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதிமூன்று.

ஜூன் 15

என்னை அப்பா என்பதா அம்மா என்பதா என்று அவளுக்குக் குழப்பம். மாலையில் நான் கேட்டைத் திறந்தால் ஜன்னல் கம்பியில் வாயை வைத்து, காற்றுக் குரலில் "அப்பா ஆத்தா" என்கிறாள். தினமும் இதே. எங்கள் பக்கம் ஆத்தா என்றால் அம்மா, இல்லாவிட்டால் மாரியாத்தா. நான் இரண்டும் இல்லை.

ஆறரை மணிக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். நிலாவைக் காட்டினேன். "சந்தா" என்றாள். கேபிள்காரர் மாதாமாதம் வந்து சந்தா என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறாள். நிலாவுக்கும் கேபிளுக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். டிஷ் ஆன்டெனா ஒருவேளை.

ஜூன் 17

பண்ணையில் பாதி ஆள் இல்லை. பக்ரீத் என்று நாட்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தஸ்னீம் காலையில் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமான தக்காளி சாதம்தான் கட்டிக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் பிரியாணி வாங்கி வரட்டுமா என்று போன் செய்து கேட்டேன். வேண்டாம், கீழே வாசம் போகும் என்றாள்.

தெய்வானை அம்மா கோயிலுக்குப் போய் வந்து தேங்காய் மூடியும் பழமும் கொண்டுவந்தார். தாரா இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்க விரித்து முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நெற்றியில் விபூதிக்குத் தலையை நீட்டினாள். எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்ற கவலை அவளுக்குக் கிடையாது. எனக்குத்தான் வியர்த்தது. "பாருங்க தம்பி, எத்தன பக்தி" என்று அம்மா கன்னத்தை வழித்து முத்தமிட்டார். கதவைச் சாத்தி தஸ்னீம் தொழும்போது பக்கத்தில் இருந்து பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

ஜூன் 20

மேடம் சொன்னபடி குழந்தை மருத்துவரிடம் போனோம். தொண்டை, குரல் எல்லாம் சரியாக இருக்கிறது. வீட்டில் ரெண்டு மூணு மொழி பேசினால் குழந்தை குழம்பிவிடும், ஒரே மொழிதான் பேச வேண்டும் என்றார் மருத்துவர். எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இல்லை டாக்டர், தமிழ் மட்டும்தான் என்று நான் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

கிளம்பும்போது தஸ்னீம் ஒன்று கேட்டாள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த ஒன்றைத் திடீரென்று நிறுத்தினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா என்று. ஒன்றும் ஆகாது, நல்லதுதான் என்றார். பொதுவாகக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் தாராவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்து வந்தாள்.

ஜூன் 23

குளியல் பத்து நிமிஷத்தில் முடிகிறது. மிக்ஸியும் அளவோடு ஓடுகிறது. தண்ணீர் மிச்சம்.

ஜூன் 26

காற்றுச் சொற்கள் நின்றுவிட்டன. மூன்று நாளாக ஒன்றுகூட இல்லை. தேவையில்லாதது கழிந்தால் தெளிவானது வரும் என்று பார்க்கிறேன்.

தாரா இன்று தஸ்னீமின் தோளில் கடித்துவிட்டாள். அவளிடம் போய் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதட்டையே உற்றுப் பார்த்தாள். தஸ்னீம் "என்ன கண்ணு" என்றாள். மறுபடி உதட்டைத் தொட்டாள். "என்ன வேணும் சொல்லு." அப்புறம்தான் கடித்தாள்.

ஜூன் 29

தெளிவான சொற்களும் குறைகின்றன. இன்று நாள் முழுக்க நாலே நாலு. சோறு வாய்க்குள் போகவில்லை. ஜன்னலுக்கு வருவதும் இல்லை. நான் கேட்டைத் திறந்து, வேண்டுமென்றே சத்தமாக மூடி, மறுபடி திறந்து பார்த்தேன். அந்த "அப்பா ஆத்தா"வைக் கேட்காமல் படியேறுவது என்னவோ போலிருந்தது.

பயமாக இருக்கிறது. எழுதுவதற்கு ஒன்றும் இல்லாத நாள் இவ்வளவு பெரியதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஜூலை 3

முழுவதும் எழுதிவிட வேண்டும்.

பியூலா மேடம் டைரியை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். நடுவில் பென்சிலால் ஏதோ கோடு போட்டார். தாரா மேஜைக்குக் கீழே உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"சார், சத்தமா சொல்ற வார்த்தை எல்லாம் சரியா இருக்கு. காத்தா சொல்றது எல்லாம் தப்பா இருக்கு. முடின்னா எப்பவும் பால், மூக்குன்னா எப்பவும் நாக்கு. ஒரு நாளும் மாறல. எந்தக் குழந்தையும் இவ்வளவு ஒழுங்கா தப்புப் பண்ணாது."

வீட்டில் யாராவது குசுகுசுவென்று பேசுவீர்களா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"நான் பேசுவேன்" என்றாள் தஸ்னீம்.

குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவாளாம். மிக்ஸி ஓடும்போது பேசுவாளாம். நான் பண்ணைக்குப் போன பிறகு, கீழே டிவி சத்தம் கேட்டால் காதோடு காதாகப் பேசுவாளாம். தாரா பிறந்த வாரத்திலிருந்து. எல்லாம் உருதுவில். டாக்டர் ஒரே மொழி என்று சொன்ன அன்றைக்கு நிறுத்திவிட்டாள். எதை நிறுத்த வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியுமே.

சொல்லிவிட்டு டைரியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்குச் சொல்லாமல் மேடத்துக்குச் சொன்னாள், வரிசையாக. பால் என்று நான் எழுதியிருப்பது முடி. குசுகுசுவென்று சொல்லும்போது அழுத்தம் தேய்ந்து பால் மாதிரிக் கேட்டிருக்கிறது. நாக் என்றால் மூக்கு. சந்தா என்றால் நிலா. ஹவ் என்றால் ஆமாம். மூக்கைத் தொட்டு மூக்கு என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு நான் தப்பு போட்டிருக்கிறேன். ஆமாம் ஆமாம் என்று பதில் சொன்ன பிள்ளையை நாய் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 12 பக்கம் வந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொரி உருண்டை வரியை இரண்டு தடவை படித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"கைக்குன்னா ஏன்னு அர்த்தம் நந்து. ஏன் போறேன்னு உன்னக் கேட்டிருக்கா. நீ சீப்பக் குடுத்திருக்க."

மேடம் தன் தாளை எடுத்து, கேள்வி கேட்கிறாளா என்ற கட்டத்தில் நான் எழுதிய 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று போட்டார். பிறகு அந்த "அப்பா ஆத்தா" என்னவென்று கேட்டார்.

"அப்பா வர்றார்" என்றாள் தஸ்னீம்.

இரண்டு சொல் சேர்க்கிறாளா என்ற கட்டத்திலும் 'ஆம்'. தினமும் மாலை ஜன்னலில் நின்று என் வரவை அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தண்ணீர் குடிப்பது போல எழுந்து போனேன்.

திரும்பி வந்தபோது மேடம் ஒன்றை உறுதியாகச் சொன்னார். இரண்டு மொழி கேட்டதால் எந்தக் குழந்தையின் பேச்சும் கெட்டுப்போவதில்லை, எதையும் நிறுத்தக் கூடாது. ஆனால் அம்மா குரலை வெளியே எடுக்க வேண்டும். தஸ்னீம் சொல்லச் சொல்ல இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணினார். எழுபத்து நாலு சொற்கள். பிள்ளை தேறிவிட்டாள், சோதித்தவன்தான் தேறவில்லை.

ஜூலை 4

நாலு வருஷமாக அவள் வீட்டார் போனை எடுப்பதில்லை. நான் வீட்டுக்குள் தமிழ் என்றேன். ஆக, அவளுக்குத் தன் மொழியில் பேச இந்த உலகத்தில் மிச்சமிருந்தது ஒரே ஆள், அதுவும் பன்னிரண்டு கிலோ. அந்த ஒரு ஆளிடமும் பேசுவதைப் பதிமூன்று நாள் நிறுத்தியிருக்கிறாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று காலையில் கேட்டேன். "உன்கிட்ட சரின்னு சொல்லியிருந்தேனே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

கேட்டுக்கொண்டேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை இன்று மறுபடி படித்தேன். கேட்டுக்கொள்ளவில்லை, சொன்னேன்.

ஜூலை 6

நேற்றும் இன்றும் முயற்சி. தஸ்னீம் முன்னறையில் உட்கார்ந்து சாதாரணக் குரலில் உருதுவில் தாராவைக் கூப்பிட்டாள். தாரா ஓடி வந்து தன் உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். பிறகு தரையைக் காட்டினாள். தரைக்குக் கீழே தெய்வானை அம்மா இருக்கிறார்.

நான் உருதுவில் ஒரு சொல் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். என் வாயையும் பொத்த வந்தாள், எட்டவில்லை, என் முழங்காலைப் பொத்தினாள். அந்த மொழி என்றாலே மெதுவாகத்தான் பேச வேண்டும், அதுதான் அதன் இலக்கணம் என்று பிள்ளை தானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். எவ்வளவு கூர்மையான மூளை! அதற்குள் நான் போட்டு வைத்திருப்பது என் பயம்.

கீழே சொல்லிவிடலாம் என்றேன். வீடு போயிரும் நந்து என்றாள் தஸ்னீம். போகட்டும் என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை, இரண்டு நாள் ஆகும் போலிருக்கிறது.

ஜூலை 9

சொல்லிவிட்டேன். தெய்வானை அம்மா முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன்.

"அம்மா, வாணின்னு நாஞ் சொன்னது பொய்யுங்க. அவ பேரு தஸ்னீமுங்க."

கீரை உருவுவதை அவர் நிறுத்தவில்லை. பிள்ளைக்குத் தாராதானா என்று மட்டும் கேட்டார். அது நிஜப் பெயர்தான், இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரித் தேடி வைத்தது என்றேன். ஒரு கொத்து முழுவதும் உருவி முடித்தார்.

"மூணு வருசமா எங்கையில காப்பி வாங்கிக் குடிச்சீங்களே தம்பி. ஒரு நாளும் சொல்லோணும்னு தோணலீங்களா?"

பயமாக இருந்தது என்றேன். கோயம்புத்தூரில் இருக்கும் பெரிய மகனைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் படியேறும்போது முறத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

ஜூலை 12

பொய் சொல்லி வந்தவர்களை வைத்திருக்க வேண்டாம் என்று மகன் சொல்லிவிட்டாராம். பொய்க்காகவா, பெயருக்காகவா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் தெய்வானை அம்மாவுக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம். பொய் சொன்னது உண்மைதானே.

"நாலு நாள்ல ஆடி பொறக்குது. சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு ஆடியில குடி மாறாதீங்க, ஆகாது. ஆவணி முதல் முகூர்த்தத்துல போயிக்குங்க."

போகச் சொல்கிறவர் நல்ல நாள் பார்த்துச் சொல்கிறார். இந்த அம்மாவை வெறுக்கவும் முடியவில்லை. மேலே வந்து சொன்னேன். தஸ்னீம் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து உருதுவில், தாராவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கத்திக் கூப்பிட்டாள். ஒளிப்பதற்கு இனி என்ன இருக்கிறது.

ஜூலை 21

வீடு சந்தைக்கடையாக இருக்கிறது. தஸ்னீம் பாத்திரம் தேய்க்கும்போது பேசுகிறாள், துணி காயப்போடும்போது பேசுகிறாள், குக்கரோடுகூடப் பேசுகிறாள். முதல் நாலு நாள் தாரா வாயைப் பொத்தப் பின்னாலேயே ஓடினாள். ஐந்தாவது நாள் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். ஆறாவது நாள், குளித்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடச் சொல்லி உருதுவில் ஒரு சத்தம் போட்டாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என்னிடம் தமிழ், அம்மாவிடம் உருது. ஒரு நாளும் மாற்றிச் சொல்வதில்லை. நான் ஆசையாக உருதுவில் ஆரம்பித்தால் முகத்தைச் சுளிக்கிறாள். என் உச்சரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 30

இரண்டு வீடு பார்த்தேன். வாடகை பேசுவதற்கு முன்னால் பெயர்களைச் சொன்னேன். இரண்டும் இல்லை என்றாகிவிட்டது. சொல்லிவிட்டு இல்லை என்று வாங்குவதில் ஒரு வசதி இருக்கிறது, ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஆகஸ்ட் 7

அட்டைப்பெட்டிகள் வந்துவிட்டன. தாரா படியில் ஏறி இறங்கிக் கீழேயும் மேலேயுமாக இருக்கிறாள். தெய்வானை அம்மா எங்களோடு அளவாகத்தான் பேசுகிறார், ஆனால் அவளை வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை.

இன்று அவரே மேலே வந்தார். கையில் ஒரு கொய்யா, பூச்சரம், பிஸ்கட் பொட்டலம், ஒரு கரண்டி.

"அம்மணி, இந்தப் புள்ள காத்தால இருந்து கைக்கு கைக்குன்னு கேக்குது. நானும் கையில என்னென்னமோ குடுத்துப் பாத்துட்டேன். எதையும் வாங்க மாட்டீங்குது. என்னதான் வேணுமாம்?"

எனக்கு வந்த சிரிப்பைப் பல்லுக்குள் அடக்கினேன். ஏன் என்று கேட்கிறாள், அவள் மொழியில் ஏன் என்பதற்கு அதுதான் சொல் என்றாள் தஸ்னீம்.

"எதை ஏன்ங்குது?"

"பெட்டி எல்லாம் கட்டறோமில்லம்மா. நாங்க ஏன் போறோம்னு உங்களக் கேக்கறா."

தாரா அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அம்மா கரண்டியைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார். சின்னப் பிள்ளையிடம் என்னத்தைச் சொல்வது என்று முணுமுணுத்தார். கொய்யாவை மட்டும் பெட்டியின் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். எதுவும் மாறவில்லை. ஆனால் கீழே டிவி இன்று ஓடவில்லை.

ஆகஸ்ட் 23

குடி மாறியாகிவிட்டது. மூன்றாவதாகப் பார்த்த வீடு. பெயர்களைச் சொன்னபோது வீட்டுக்காரர், நாய் வளர்ப்பீர்களா என்று மட்டும் கேட்டார். இங்கே தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான், பஸ் நிறுத்தமும் தூரம். தெய்வானை அம்மா கேட் வரைக்கும் வந்தார். தாராவின் நெற்றியில் விபூதி வைத்தார். அவள் இரண்டு கையையும் விரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த முறை எனக்கு வியர்க்கவில்லை.

புது வீட்டு வாசலில் சாமான்களை இறக்கிவிட்டு டெம்போ போன பிறகு, உள்ளே நான் தனியாகத்தான் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. முதலில் கேஸ் சிலிண்டர். உருட்டிக்கொண்டு போய் ஜன்னலுக்குக் கீழே வைத்தேன். தஸ்னீம் தலையில் துண்டோடு, துடைப்பத்தோடு நின்றுகொண்டிருந்தவள், திரும்பிப் பார்த்து ஒரு கத்து கத்தினாள்.

"உதர் நக்கோ, இதர் ரக்கோ!"

அங்கே வேண்டாம், இங்கே வை என்பது எனக்கே புரிந்தது. காலி அறை முழுக்க அது எதிரொலித்தது. அதற்குப் பின்னால் இன்னும் நாலு வாக்கியம், மூச்சு விடாமல். கேலியும் கோபமும் ஏதோ ஒரு பழைய வசவும் கலந்திருக்க வேண்டும். தமிழில் அவள் என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. தமிழில் அவள் குரல் இன்னும் மெல்லியது, கொஞ்சம் மரியாதையானது. இது கனத்த குரல், வேகமான குரல், வீட்டுக்காரியின் குரல். நாலு வருஷம் கூட இருந்தும் இந்தக் குரல் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் சிலிண்டரை மறுபடி உருட்டி, அவள் துடைப்பத்தால் காட்டிய மூலைக்குக் கொண்டுபோய் வைத்தேன். தாரா பின்னாலேயே வந்து சரிபார்த்தாள். எந்த மொழியில் திட்டினோம் என்பதைத் தஸ்னீம் கவனிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டிருந்தாள். நானும் சொல்லவில்லை. அடுத்து அரிசி டிரம்மை எங்கே வைப்பது என்று கேட்டேன்.